இருநூற்றுப் பதினாலு எம்.பி. பொய்

அத்தியாயம் 6

"காகிதமில்லா அலுவலகம்" என்று வாசலிலேயே எழுதி மாட்டியிருந்தார்கள். எதில் எழுதி? காகிதத்தில். கலரில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் டேப் ஒட்டி.

"அண்ணி, உள்ள போகணுமா? இவங்க புத்தி வாசல்லயே தெரிஞ்சுடுச்சே," என்றேன்.

"வாயை வாசல்ல விட்டுட்டு வா தம்பி," என்றார் அண்ணி.

அண்ணி என் அண்ணனுக்கு மனைவி, ஊருக்குத் துப்பறிபவர், எனக்கு முதலாளி. மூன்று வகையிலும் திட்டு வாங்குவது நான்தான்.

விஷயம் இதுதான். எட்டு நாளைக்கு முன்பு, செவ்வாய்க்கிழமை, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியிலிருந்து சறுக்கி விழுந்தது. உள்ளே இருந்த தையல்கார அம்மாவுக்கு இரண்டு காலும் முறிந்தது. அந்த லிஃப்டைப் பராமரிப்பது இந்தக் கம்பெனி. விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அதைச் சோதித்தவர் இந்தக் கம்பெனியின் மெக்கானிக். "ரோப் தேஞ்சு போச்சு, லிஃப்டை நிறுத்துங்கன்னு எழுதிக் குடுத்தேன்" என்கிறார் அவர். ரோப் என்பது லிஃப்டைத் தாங்குகிற இரும்புக் கயிறு. ஆனால் கம்பெனியிடம் இருக்கும் அறிக்கையில் "ரோப் நன்றாக உள்ளது" என்று இருக்கிறது. கீழே அவருடைய கையெழுத்து. அது அவர் போட்டதுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இன்று மூன்று மணிக்கு விசாரணை. நான்கு மணிக்குள் அந்த அறிக்கை போலீசுக்குப் போயாக வேண்டும். போனால் மெக்கானிக்கின் வேலை மட்டும் போகாது. அவரே உள்ளே போவார்.

எங்களைக் கூப்பிட்டது மெக்கானிக்கின் மாமியார். "என் மருமகன் சோம்பேறி. வாய் காது வரைக்கும் நீளம். என் பொண்ணை அவனுக்குக் கட்டி வெச்சது என் புத்திகெட்ட நேரம். ஆனா இல்லாததை இருக்குன்னு எழுத மாட்டான்," என்றார் அந்த அம்மா. மாமியார் வாயிலிருந்து இப்படி ஒரு நற்சான்றிதழ் வாங்கிய மருமகனை நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணியும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கேஸை எடுத்துக்கொண்டார்.

விசாரணைக்கு முன் ஆவணங்களைப் பார்வையிட மெக்கானிக் தரப்பில் இரண்டு பேர் வரலாம் என்று கம்பெனியே கடிதம் அனுப்பியிருந்தது. அந்த இரண்டு பேர்தான் நாங்கள். மணி ஒன்று நாற்பது.

உள்ளே பெரிய ஹால். முப்பது மேசைகள், முப்பது கம்ப்யூட்டர்கள், நடுநாயகமாக ஒரு பெரிய ஸ்கேனர். அதற்கு ஓர் அக்கா பொறுப்பு. அவர் பக்கத்தில் இடுப்பளவுக்குக் காகிதக் கட்டு.

"இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"மெயில்."

"மெயில்னா கம்ப்யூட்டர்லயே இருக்குமே?"

"இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து, மேனேஜர் கையெழுத்துப் போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ணி உள்ள போடணும். அப்பதானே காகிதமில்லா ஆபீஸ்."

"அப்புறம் இந்தக் காகிதம்?"

"வெள்ளிக்கிழமையானா மெஷின்ல போட்டு நறுக்கிடுவோம். மெக்கானிக்குங்க குடுக்கிற ரிப்போர்ட்டும் அப்படித்தான். ஸ்கேன் ஆனதும் நறுக்கல்."

"போடறதுக்கு முன்னாடி படிச்சுப் பாப்பீங்களா?"

"படிக்கிறது என் வேலை இல்லீங்க."

"அப்ப யார் வேலை?"

அக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பாவம். பிறகு ஸ்கேனர் பொத்தானை அழுத்தினார். உடனே ஹால் முழுவதும் ஒரு பெருமூச்சு கேட்டது. முப்பது திரைகளிலும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முப்பது பேரும் ஒரே நேரத்தில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து டீ குடிக்கப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால்கூட இவ்வளவு ஒழுங்காக எழ மாட்டார்கள்.

"நெட் சரியில்லை," என்றபடி ஒருவர் வந்தார். கண்ணைப் பறிக்கும் டை கட்டியிருந்தார். இவர்தான் மேனேஜர். ஆபீசில் இவருக்கு வைத்திருக்கும் பெயர் கலர். காரணம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"எங்ககிட்ட எல்லாமே கலர் ஸ்கேன்தான் மேடம். உச்ச தரம். சுருக்கவே மாட்டோம். சுருக்கினா தரம் போயிடும். ரெண்டு பக்கமும் கட்டாயம்."

"பின்பக்கம் வெறுமையா இருந்தா?"

"வெறுமையும் ஒரு ஆவணம்தான் மேடம்," என்றார் கலர், ஞானி மாதிரி.

இவ்வளவு தரம் பார்க்கிறவர் காகிதத்தில் என்ன தரம் பார்க்கிறார் என்று கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன். கையில் எடுத்தால் என் விரல் மறுபக்கம் தெரிந்தது. கடையில் இருப்பதிலேயே மலிவான தாள்.

அறிக்கையைத் திறந்து காட்டச் சொன்னார் அண்ணி. கலர் திறந்தார். அதாவது, திறக்கச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறு தாள் அறிக்கை. முதல் தாளில் தேதி, கட்டடத்தின் விலாசம். நாலாவது தாளில் ரோப். "ரோப் நன்றாக உள்ளது." கையெழுத்து. தேதி அங்கே இல்லை.

"பாத்தீங்களா? கண்ணாடி மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்ன துப்பறியணும்? எழுதினது உங்க ஆளு, அனுபவிக்கட்டும்." கலர் மணியைப் பார்த்துக்கொண்டார். "நெட்டைப் பத்தி ஏதாவது கண்டுபிடிச்சா சொல்லுங்க. எங்க நெட்காரன் சரியில்லை."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நெட்காரரைப் பார்க்கப் போனோம்.

நெட்காரரின் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு பக்கம் தரை துடைக்கும் மாப்பு, வாளி. இன்னொரு பக்கம் கம்பெனியின் மொத்த நினைவும் ஓர் இரும்பு அலமாரியில் இரைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு நாற்பது வயது மனிதர். நெட் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஆபீஸ் இவருக்குப் பஃபரிங் என்று பெயர் வைத்திருந்தது. தப்பைச் செய்கிறவன் டை கட்டிக்கொள்வான், தாங்குகிறவனுக்குப் பட்டப்பெயர்.

"ஏன் சார் இந்த நெட் இப்படித் தவழுது?" என்றேன்.

அந்தக் கேள்விக்காக இரண்டு வருஷம் காத்திருந்தவர் போல அவர் நிமிர்ந்தார். "ஒரு பக்கம் கிட்டத்தட்டப் பதினெட்டு எம்.பி. சார். எழுதின பக்கமும் பதினெட்டு, எழுதாத பக்கமும் பதினெட்டு. ஆறு தாள்னா பன்னிரண்டு பக்கம், இருநூத்திப் பதினாலு எம்.பி. கறுப்பு வெள்ளையில சுருக்கிப் போட்டா மொத்தமே ஒரு எம்.பி. தாண்டாது. ஒரு தெருவுல தினம் யானை ஊர்வலம் விட்டா சைக்கிள்காரன் எங்க போவான்? ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேன்."

"என்ன பண்ணாங்க?"

"நான் எழுதிக் குடுத்ததை ஸ்கேன் பண்ணி உள்ள போட்டாங்க. கலர்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"அந்த ரிப்போர்ட்டோட பழைய பிரதி எங்கயாவது இருக்கா? பேக்கப்?" என்று கேட்டார் அண்ணி.

"டிஸ்க் நிரம்பி வழியுது மேடம். புது டிஸ்க் கேட்டேன். பழைய பேக்கப்பை அழிச்சு இடம் பண்ணிக்கோன்னுட்டாங்க. காலிப் பக்கத்தைச் சேத்து வெக்க இடம் இருக்கு, பேக்கப்புக்கு இடம் இல்லை."

"ஃபைலை யாராவது மாத்தியிருந்தா தெரியுமா?"

பஃபரிங் தட்டினார். அவர் திரையில் மட்டும் வட்டம் சுற்றவில்லை. "கடைசியா மாத்தினது போன புதன், மத்தியானம் ஒண்ணு இருபத்திநாலு. விபத்துக்கு மறுநாள்." குரல் தாழ்ந்தது. "மேனேஜர் லாகின்."

நான் கையைத் தட்டினேன். "முடிஞ்சது அண்ணி! கலர் வெளுத்துடுச்சு!"

நான்தான் முன்னால் நடந்தேன். கலரின் அறைக்குள் நுழைந்து, "போன புதன் ஒண்ணு இருபத்திநாலுக்கு எங்க சார் இருந்தீங்க?" என்று சினிமா போலீஸ் குரலில் கேட்டேன்.

"விபத்து நடந்த இடத்துல. முதலாளியம்மாவோட. பதினோரு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும். அதிகாரிங்க, நிருபருங்க எல்லாம் இருந்தாங்க. மறுநாள் பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு." கலரின் முகம் மலர்ந்தது. "ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கேன். பாக்கறீங்களா?"

பார்த்தோம். நான்கு நிமிடம் வட்டம், பிறகு கலர். விழுந்த லிஃப்டின் முன்னால் தலையைச் சீவிக்கொண்டு நிற்கிறார். என் முகத்தில் பூசிய கரியைப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"உங்க பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமா சார்?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"சான்ஸே இல்லை மேடம்."

வெளியே வந்ததும் ஸ்கேனர் அக்காவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். "அவரு பேரு, பின்னாடி ஒண்ணு ரெண்டு மூணு. தினம் ரூம்லேர்ந்து கத்துவாரே, உள்ள போக மாட்டேங்குது, ஒண்ணு ரெண்டு மூணு போட்டுட்டேன்னு," என்றார் அக்கா.

ஆக, முப்பது பேரில் யார் வேண்டுமானாலும் கலராக ஆகியிருக்கலாம். இந்த ஆபீசில் புத்தி மட்டும்தான் ரகசியமாக இருந்தது.

மறுபடியும் மாடிப்படிக்குக் கீழே போனோம். "நெட்ல எந்த நேரம் எவ்வளவு சுமை போச்சுன்னு கணக்கு இருக்கா?" என்று கேட்டார் அண்ணி.

பஃபரிங் ஒரு கோட்டுப் படத்தைத் திறந்தார். தினமும் காலையில் ஸ்கேனர் ஓடும்போது கோடு செங்குத்தாக ஏறி, உச்சியில் நின்று, செங்குத்தாக இறங்கியது. போன புதன்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், இரண்டு சின்ன மேடுகள். ஒன்று பத்துக்குத் தொடங்கி ஒரு மேடு. ஒன்று பதினெட்டுக்குத் தொடங்கி இன்னொன்று.

"முதல் மேடு, ஃபைலை எடுத்தது. ரெண்டாவது, திருப்பி வெச்சது," என்றார் அண்ணி. "ஆனா இது ஏன் குட்டையா, நீளமா இருக்கு? காலையில வர்ற மேடு எல்லாம் நெட்டையா இருக்கே?"

பஃபரிங் ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டார். "அட... ஆமா மேடம். இருநூத்திப் பதினாலு எம்.பி. வயர்ல போனா அரை நிமிஷத்துல முடிஞ்சுடும். கோடு ஏறி இறங்கிடும். இது ஆறு நிமிஷம் ஊர்ந்து போயிருக்கு. இது வயர் இல்லை. வைஃபை."

"இங்க வைஃபையில வேலை பாக்கறது யாரு?"

"ஒரே ஒருத்தர்." அவர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "முதலாளியம்மாவோட மாப்பிள்ளை. வயர் இழுக்கப் போனேன். புதுக் கார்ப்பெட் மேல வயரா, ரூம் அழகு கெட்டுடும்னு வெளிய அனுப்பிட்டாரு."

"அவருக்கு இங்க என்ன வேலை?"

"பர்ச்சேஸ். ஆணி வாங்கணும்னாலும் அவரைத்தான் கேக்கணும். ரோப்பும் அவர்தான்."

நான் ஒரு தடவை சூடுபட்ட பூனை. இந்த முறை கையைத் தட்டவில்லை. அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு முப்பத்தைந்து.

"போன மாசம் அதே லிஃப்டுக்கு மெக்கானிக் குடுத்த ரிப்போர்ட்டைத் திற."

திறந்தார். நாலாவது தாள். "ரோப் நன்றாக உள்ளது." கையெழுத்து. ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கிரீஸ் கறை. இந்த மாத அறிக்கையின் நாலாவது தாளிலும் அதே இடத்தில் அதே கறை.

"ரெண்டு மாசமும் ஒரே விரல், ஒரே அழுக்கு, ஒரே இடம். மெக்கானிக் குளிக்கவே இல்லையா?" என்றேன்.

"போன மாசப் பக்கத்தைத் தூக்கி இந்த மாசத்துல ஒட்டியிருக்கான். தேதி முதல் தாள்ல மட்டும்தான் இருக்கு. அதனால கையெழுத்தும் நிஜம், எழுத்தும் நிஜம்." அண்ணி உதட்டைக் கடித்தார். "ஆனா இது போதாது தம்பி. ஸ்கேன் பண்ணும்போது தப்பான தாளைப் போட்டுட்டாங்கன்னு அந்த அக்கா தலையில கட்டிடுவாங்க. மெக்கானிக் உண்மையில என்ன எழுதினார்? அதுக்கு என்ன சாட்சி? தாளை நறுக்கியாச்சு, பேக்கப்பை அழிச்சாச்சு."

அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். மெக்கானிக்கின் மாமியாரிடம் போய் என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பஃபரிங் தயங்கித் தயங்கிப் பேசினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஃபைலை நான் நாலு மணிக்குள்ள போலீஸ் குடுத்த லிங்க்ல ஏத்தணும். பென் டிரைவ்ல குடுக்கலாம்னா வைரஸ் வரும்னு மேனேஜர் எல்லா ஓட்டையையும் அடைச்சு வெச்சிருக்காரு. இருக்கிற நெட்டுல இது போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதனால முதல் தடவையா முதலாளியம்மா அனுமதி குடுத்திருக்காங்க. காலிப் பக்கத்தை எல்லாம் எடுத்துட்டா பாதியாயிடும். ரெண்டு வருஷப் போராட்டம்." அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. 'காலிப் பக்கங்களை நீக்கு' என்ற பொத்தானின் மேல் அம்புக்குறி நின்றது.

"கையை எடு!"

அண்ணி போட்ட சத்தத்தில் வாளி உருண்டது.

"நாலாவது தாளோட பின்பக்கத்தைக் காட்டு."

"அது வெறும் பக்கம் மேடம்."

"காட்டு."

திரையில் வந்தது. வெள்ளை. முழு வெள்ளையா? இல்லை. சாம்பல் நிறத்தில் ஏதோ நெளிந்தது. பஃபரிங் அதைக் கொஞ்சம் அழுத்தமாக்கினார். எழுத்துகள். இடவலம் மாறிய எழுத்துகள்.

எனக்கு மூளை வேலை செய்தது. "கண்ணாடி!" என்று கத்திக்கொண்டு கழிவறைக்கு ஓடினேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைத் திருகிக் கழற்றி, இடுப்பில் அணைத்துக்கொண்டு, இரண்டு பேரை இடித்துத் தள்ளிவிட்டுத் திரும்பி வந்தேன். பஃபரிங் அதற்குள் ஒரு பொத்தானை அழுத்திப் பக்கத்தை இடவலம் திருப்பிப் படித்து முடித்திருந்தார்.

"கொண்டுவந்துட்டியா? தலையைச் சீவிக்கோ," என்றார் அண்ணி.

பந்துமுனைப் பேனாவை உளி மாதிரி அழுத்தி எழுதுகிறவர் மெக்கானிக். தாளோ கலர் வாங்கிய மலிவுத் தாள். முன்பக்கத்து எழுத்து அப்படியே பின்னால் ஊறியிருந்தது. முன்பக்கத்தை மாற்றியவன் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. காலிப் பக்கத்தை யார் திறந்து பார்ப்பார்கள்? உச்ச தரத்தில், கலரில், சுருக்காமல், பதினெட்டு எம்.பி.யாக அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"ரோப் மூன்று இடத்தில் பிரிந்துவிட்டது. லிஃப்டை உடனே நிறுத்த வேண்டும். பர்ச்சேஸ் சாரிடம் இரண்டு தடவை நேரில் சொன்னேன். புது ரோப் வரும்வரை ஓடட்டும் என்கிறார். எனக்குச் சம்மதம் இல்லை." கீழே அதே கையெழுத்து.

எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. விபத்துக்கு முன்னால் இந்த நாலு வரி பன்னிரண்டு நாள் இந்த அலமாரிக்குள் இருந்திருக்கிறது. முப்பது பேரின் நெட்டை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதைத் திறந்து படிக்க இந்தக் கட்டடத்தில் ஓர் ஆள் இல்லை. படித்திருந்தால் ஒரு பொம்பளை இன்று நடந்துகொண்டிருப்பாள். எனக்கு அந்த ஹாலில் போய் ஒவ்வொரு மேசையாகத் தட்டிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"உனக்கு என்ன உத்தரவு?" என்று அண்ணி பஃபரிங்கைக் கேட்டார்.

"நாலு மணிக்குள்ள ஃபைலை அனுப்பணும். காலிப் பக்கத்தை எடுத்துடலாம்."

"இது காலிப் பக்கமா?"

பஃபரிங் திரையைப் பார்த்தார். "இல்லை மேடம்," என்றார்.

அண்ணி அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டார். மூன்று மணிக்கு விசாரணை அறைக்குள் நுழைந்தோம்.

நீள மேசை. ஒரு தலைமாட்டில் முதலாளியம்மா, அவர் வலக்கைப் பக்கம் வாசனை திரவியத்தில் ஊறிய மாப்பிள்ளை, இடக்கைப் பக்கம் கலர். மறுகோடியில் மெக்கானிக், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் அவர் மாமியார், தலையை நிமிர்த்திக்கொண்டு.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. மேனேஜர் லாகினைச் சொன்னார், இரண்டு மேடுகளைச் சொன்னார், கிரீஸ் கறையைச் சொன்னார், பிரிண்டை மேசையில் வைத்தார்.

"இது மேனேஜர் லாகின்," என்றார் மாப்பிள்ளை, காகிதத்தைத் தொடாமல். "அவரைக் கேளுங்க."

"நானா?" கலர் எழுந்தேவிட்டார். "நான் பேப்பர்லயே வந்திருக்கேனே!"

"லாகின் அவரோடது. ஊர்ந்து போன வழி உங்களோடது," என்றார் அண்ணி. "வயர் வந்தா கார்ப்பெட் அசிங்கமாயிடும்னு சொன்னது நீங்கதானே? இந்தக் கட்டடத்துல வைஃபையில வேலை செய்யறவர் நீங்க ஒருத்தர்தான். வயர்ல பண்ணியிருந்தா நான் இன்னும் முப்பது பேரைச் சந்தேகப்பட்டுட்டு இருந்திருப்பேன்."

முதலாளியம்மா பிரிண்டைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

மாப்பிள்ளையின் நெற்றி வேர்த்தது. "இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்னுதான் நெனச்சேன் அத்தை," என்றார்.

மெக்கானிக் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

முதலாளியம்மா கெட்டிக்காரி. ஐந்து நிமிடத்தில் குரலைச் சரிசெய்துகொண்டார். "சரி. மெக்கானிக் மேல எந்தத் தப்பும் இல்லை. நாளைக்கே வேலைக்கு வரட்டும். சம்பளமும் ஏத்தித் தரேன். லிஃப்ட் பழசு, அதுவா விழுந்துச்சுன்னு எழுதிக்கலாம். அவரும் அப்படியே சொல்லட்டும். இந்த ஒரு பக்கம் மட்டும் வெளிய போக வேண்டாம். காலிப் பக்கம்தானே." மாப்பிள்ளையைக் கை காட்டினார். "எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணு."

முழுப் பூசணிக்காயையும் மறைக்க இந்த அம்மாவுக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை.

மறுகோடியில் நாற்காலி கிறீச்சிட்டது. மெக்கானிக்கின் மாமியார் எழுந்தார். "எனக்கும் ஒரே பொண்ணுதான். என் மருமகனை வாய்க்கு வந்தபடி திட்டறதுக்கு எனக்கு உரிமை உண்டு. பொய் சொல்லுன்னு சொல்ல எனக்கே உரிமை இல்லை. உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

முதலாளியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கலரிடம், "நெட்காரரைக் கூப்பிடு," என்றார்.

கூப்பிடத் தேவையிருக்கவில்லை. வெளியே ஹாலில் கூச்சல் கேட்டது. நெட் சுத்தமாகப் போயிருந்தது. கதவைத் திறந்துகொண்டு பஃபரிங்கே வந்து நின்றார்.

"நெட்டுக்கு என்னாச்சு?" என்று கத்தினார் கலர்.

"நான்தான் எல்லாரையும் வெட்டி விட்டேன் சார். வழி மொத்தத்தையும் ஒரே ஃபைலுக்குக் குடுத்தேன். பத்து நிமிஷத்துல போயிடுச்சு." பஃபரிங் முதலாளியம்மாவைப் பார்த்தார். "நாலு மணிக்குள்ள போலீசுக்கு அனுப்பச் சொன்னீங்களே மேடம். கிடைச்சதுன்னு பதிலும் வந்துடுச்சு."

"காலிப் பக்கத்தை எடுக்கச் சொன்னேனே!"

"ஒவ்வொண்ணாத் திறந்து பாத்தேன் மேடம். ஒண்ணுகூடக் காலி இல்லை."

அதன் பிறகு நடந்ததை விசாரணை என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை வக்கீலைக் கூப்பிடுகிறேன் என்று போனைத் தூக்கினார். கலர், தான் தரம் பார்த்ததால்தான் உண்மை வெளியே வந்தது என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று அண்ணியிடம் கேட்டார். முதலாளியம்மா, யாரைக் கேட்டு அனுப்பினாய் என்று பஃபரிங்கை மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் மூன்று பேரையும் பார்க்க எனக்குக் கோபம்கூட வரவில்லை. குமட்டியது.

"அம்மா," என்றார் மெக்கானிக், முதலாளியம்மாவைப் பார்த்து. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அது. யாரும் திரும்பவில்லை. அவர் மேசையைத் தட்டினார்.

"அதே ரோப்பு இன்னும் ரெண்டு கட்டடத்துல ஓடுது. அதே நாள் வாங்கினது, அதே மாதிரி தேஞ்சிருக்கு. ஒண்ணு பிரசவ ஆஸ்பத்திரி. அதையும் எழுதிக் குடுத்தேன்." அவர் பஃபரிங்கைப் பார்த்தார். "உள்ளதான் எங்கயோ இருக்கும்."

பஃபரிங் ஓடினார்.

"நின்னு பேசிட்டு இருக்கான் பாரு," என்றார் மாமியார். "போய் நிறுத்துடா!"

மெக்கானிக் பையை எடுத்தார். நான் கார் சாவியை எடுத்தேன்.